இலியம் என்றால் குடலா, எலும்பா?

நர்சிங் நுழைவுத் தேர்வுக்காக நான் போகும் பயிற்சி மையத்தில் நேற்று மாதிரித் தேர்வு. அதில் இலியம் எதன் பகுதி என்று ஒரு கேள்வி. சிறுகுடல் என்று குறித்தேன். தவறு. விடை இடுப்பெலும்பு. அந்த ஒரு மதிப்பெண்ணும் போய், தப்பாகக் குறித்ததற்கு மூன்றில் ஒரு பங்கும் கழிந்தது. வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். ஜூன் மாதத்துப் பக்கத்தில் 'சிறுகுடலின் கடைசிப் பகுதி இலியம்' என்று இருக்கிறது. செப்டம்பர் பக்கத்தில் 'இடுப்பெலும்பின் மேல்பகுதி இலியம்' என்று இருக்கிறது. இரண்டும் சார் சொல்லச் சொல்ல நான் எழுதியதுதான். ஆங்கிலத்தில் மூன்றாவது எழுத்து 'ஈ' என்றால் குடல், 'ஐ' என்றால் எலும்பு. இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? வகுப்பில் பாதிப் பேர் தமிழ் மீடியம், கேட்பதைத் தமிழில்தான் எழுதிக்கொள்கிறோம் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

என்னுடன் பிளஸ் டூ முடித்தவர்களில் பலர் அந்த மதிப்பெண்ணை வைத்தே நர்சிங் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு எய்ம்ஸில் படிக்க வேண்டும் என்று ஆசை. அதனால் பி.எஸ்சி. ஹானர்ஸ் நர்சிங் நுழைவுத் தேர்வுக்கு இரண்டாவது முறையாகப் படிக்கிறேன். 100 கேள்வி, 2 மணி நேரம். இயற்பியல் 30, வேதியியல் 30, உயிரியல் 30, பொது அறிவு 10. நர்ஸ் ஆவதற்கான தேர்வில் உயிரியலுக்கே 30தான். அதிலும் செடி கொடி, மரபியல், சூழலியல் எல்லாம் போக மனித உடலுக்கு மிஞ்சுவது கொஞ்சம். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். பன்னிரண்டு வருடம் சிறுநீரகம், கணையம், மண்ணீரல் என்று படித்தவள், எல்லாவற்றுக்கும் இன்னொரு பெயரை உட்கார்ந்து உருப்போட வேண்டியிருக்கிறது. சரி, அதை நான் செய்யத் தயார், செய்துகொண்டும் இருக்கிறேன். என் கோபம் அதைப் பற்றியது இல்லை.

இந்த உடம்பை எங்களுக்குச் சொல்லித் தரும் விதம்தான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இதயத்தின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலது ஏட்ரியம் (மேலறை), வலது வெண்ட்ரிக்கிள் (கீழறை) என்று போட்ட பக்கம் என் இடது கைப் பக்கம் இருக்கிறது. மூவிதழ் வால்வு வலது, ஈரிதழ் வால்வு இடது என்று ஒப்பிப்பேன். படத்தில் காட்டச் சொன்னால் கை தடுமாறும். படத்தைத் திருப்பி அச்சடித்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். மூன்று மாதம் இந்தக் குழப்பத்தோடுதான் இருந்தேன். ஒரு நாள் தம்பியை எதிரே நிற்க வைத்து அவன் நெஞ்சில் விரலை வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. படத்தில் இருப்பவர் நம்மைப் பார்த்து நிற்கிறார், அவருடைய வலது நமக்கு இடது. உடற்கூறு படிப்பவருக்கு முதல் நாள் சொல்ல வேண்டிய விஷயம் இது. வலது சிறுநீரகம் கல்லீரலுக்குக் கீழே கொஞ்சம் இறங்கியிருக்கும் என்பது அதற்கப்புறம் தானாகப் புரிந்துவிட்டது, மனப்பாடமே தேவைப்படவில்லை. 18,000 ரூபாய் கட்டிய இடத்தில் கிடைக்காதது எட்டாம் வகுப்புத் தம்பியிடம் கிடைத்தது.

வகுப்பில் நடப்பது வெறும் எண். எலும்பு 206. இதயத் துடிப்பு 72. ஒரு துடிப்புக்கு 70 மில்லி. நிமிடத்துக்கு 5 லிட்டர். சிறுநீரகம் நிமிடத்துக்கு 125 மில்லி வடிகட்டும், ஒரு நாளைக்கு 180 லிட்டர். அடுத்து, அடுத்து என்று ஓடுகிறார்கள். 180 லிட்டரா! நம் உடம்பில் இருக்கும் ரத்தமே ஐந்து லிட்டர்தானே, அது எப்படி என்று கேட்டேன். அந்த ஐந்து லிட்டர்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது, அதிலிருந்து வடிந்த நீரில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சிறுநீரகத்துக்குள் இருக்கும் நெஃப்ரான் என்ற நுண்குழல்கள் மறுபடி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன, ஒன்றரை லிட்டர்தான் வெளியே வருகிறது. பிறகு நானே பள்ளிப் புத்தகத்தில் தேடிப் படித்தது இது. படித்த அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வகுப்பில் கிடைத்த பதில்: "அதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தருவாங்கம்மா. இப்போதைக்கு நம்பரைப் பிடிச்சுக்கோ."

யூரேட்டர், யூரேத்ரா என்று வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். முன்னது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் நாளம், பின்னது அந்தப் பையிலிருந்து வெளியே போகும் வழி. நாளைக்கு ஒரு நோயாளிக்குச் சிறுநீர்க் குழாய் போடப் போகிறவள் நான். எனக்கு இது ஒரு மார்க் கேள்வி மட்டும்தானா?

செரிமானம் கதை இன்னும் மோசம். பாடச் சுமையைக் குறைக்கிறோம் என்று மத்தியப் பாடநூலான என்சிஇஆர்டி 11ஆம் வகுப்பு உயிரியலில் அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். 2023-24 புத்தகத்தில் அது இல்லை. நம் மாநிலப் பாடநூலில் இருக்கிறது, ஆனால் வகுப்பில் அதைத் தொட மாட்டோம் என்கிறார்கள். சாப்பிட்ட சோறு என்ன ஆகிறது என்று தெரியாமல் வார்டுக்குப் போகலாமா?

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒரு காலையில் அப்பத்தா இன்சுலின் போட்டுக்கொண்டு, இட்லி ஆறட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தது. நான் பக்கத்திலேயே நோட்டை வைத்து ஒப்பித்துக்கொண்டிருந்தேன். கணையத்தில் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள், ஆல்ஃபா செல்கள் குளுக்ககான், பீட்டா செல்கள் இன்சுலின். திரும்பிப் பார்த்தால் அப்பத்தாவுக்கு முகமெல்லாம் வேர்வை, கை வெடவெடவென்று நடுங்குகிறது, என்னவோ சம்பந்தமில்லாமல் பேசுகிறது. வெயில் ஏறவேயில்லை, ஏன் இப்படி வேர்க்கிறது என்று நான் விசிறியைத் தேடிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அத்தை ஓடி வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சீனி எங்க இருக்கு பிள்ள?" என்றார். நாலு ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கி மெதுவாகக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் அப்பத்தா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

அத்தை ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அவருடைய வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை குறைந்துபோவதற்கு ஹைப்போகிளைசீமியா என்று பெயர். அந்த வார்த்தையை நான் நோட்டில் ஆறு தடவை எழுதியிருக்கிறேன். அதற்கு வேர்வை வரும், நடுக்கம் வரும், மூளைக்குச் சர்க்கரை போதாமல் பேச்சு குழறும் என்று ஒரு வரி அந்த நோட்டில் இல்லை. ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் மிகுதி என்றுகூட யாரும் பிரித்துச் சொன்னதில்லை. காதில் கிட்டத்தட்ட ஒன்றாக விழும் இந்த இரண்டில் ஒன்றுக்குச் சீனி கொடுக்க வேண்டும், மற்றதற்குக் கொடுக்கவே கூடாது. அன்றைக்கு அத்தை வீட்டில் இல்லாமல் போயிருந்தால்? இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

எண்களைக் கேட்கட்டும், ஆங்கிலத்தில் கேட்கட்டும், நான் எழுதுகிறேன். ஆனால் ஒரு எண்ணைச் சொல்லும்போது அது எந்த உறுப்பில் என்ன செய்கிறது, அது கூடினால் குறைந்தால் ஆளுக்கு என்ன ஆகும் என்று இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள். நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்கிறோம். முக்கால்வாசிப் பேர் வீட்டில் சர்க்கரையோ பிரஷரோ இருக்கும் ஒருவர் உண்டு. எங்களுக்குக் கேட்க ஆசை இருக்கிறது.

நாளைக்கு எலும்பு மண்டலம் திருப்புதல். இலியம் என்று சார் வாயைத் திறந்ததும் எழுந்து நின்று கேட்கப் போகிறேன், எந்த இலியம் என்று. பலகையில் இரண்டையும் எழுதிக் காட்டும்வரை உட்கார மாட்டேன்.