கதையில் என்னையும் சேர்த்துக்கோம்மா

ராத்திரி கதை சொல்லும்போது என் மகள் ஒரு இடத்தில் கட்டாயம் நிறுத்துவாள். "அம்மா, அந்தக் காட்டுல நானும் இருந்தேன்தானே?" நரியும் சிங்கமும் திரிகிற காட்டில் ரெண்டாம் கிளாஸ் பிள்ளைக்கு என்ன வேலையோ தெரியாது. சேர்த்துக்கொள்வேன். இல்லாவிட்டால் தூங்க மாட்டாள்.

எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று நானும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. போன வாரம் அமெரிக்க நடிகை வயோலா டேவிஸ் 2015 ஜனவரியில் சாக் விருது (அங்கே நடிகர் சங்கம் கொடுக்கிற விருது) மேடையில் பேசிய பழைய வீடியோ கண்ணில் பட்டது. அவரும் தன் மகள் ஜெனிசிஸுக்கு ராத்திரி கதை சொல்வாராம். அந்தப் பிள்ளையும் ஒவ்வொரு முறையும் "என்னையும் கதையில போடு" என்று கேட்குமாம். அதைச் சொன்ன கையோடு, அந்த விருதை வாங்கித் தந்த 'ஹவ் டு கெட் அவே வித் மர்டர்' என்ற டிவி தொடரை எழுதியவர், தயாரித்தவர்கள் என்று பெயர் பெயராக நன்றி சொல்கிறார். குழப்பமும் காமமும் மர்மமும் உள்ள ஒரு நாயகி, 49 வயதில், கறுத்த தோலோடு, தன்னைப் போலவே இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியதற்காக.

அதைக் கேட்டதும் மொபைலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாலு வயதுப் பிள்ளை அம்மாவிடம் கேட்டதைத்தான் அந்த அம்மா நாற்பத்தொன்பது வயது வரை ஒரு நாட்டிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. பெண் பிள்ளை எங்கேயாவது தயங்கி நின்றால் உடனே "தன்னம்பிக்கை வேணும்மா" என்போம். கடையில் கிடைக்கிற சாமானை இவள் வாங்காமல் வந்துவிட்ட மாதிரி. வயோலாவின் கதையைப் படித்த பிறகு அந்த வார்த்தையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அவர் பிறந்தது 1965-ல், தெற்குக் கரோலினாவில், தாத்தா விளைச்சலில் பங்குக்கு உழுத ஒரு பண்ணையில். கொஞ்ச நாளிலேயே குடும்பம் ரோட் ஐலண்டிலுள்ள சென்ட்ரல் ஃபால்ஸ் என்ற சின்ன ஊருக்குப் போய்விட்டது. எலிகள் ஓடும் வீடு, பசி, குடித்துவிட்டு அம்மாவை அடிக்கும் அப்பா. இது போதாதென்று, மூன்றாம் வகுப்பில் தினமும் பள்ளி விட்டதும் ஒரு பையன் கூட்டம் கல்லோடு துரத்தும். கறுப்பி, அசிங்கம் என்ற வசவோடு. ஓட்டம்தான். 2022-ல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றை அந்த ஓட்டத்தில் இருந்துதான் அவர் தொடங்குகிறார்.

துரத்திய பையன்களில் ஒருவன் கேப் வெர்டே தீவுக் குடும்பத்துப் பிள்ளை. ஆப்பிரிக்காவை ஒட்டி, ஒரு காலத்தில் போர்ச்சுகல் ஆண்ட தீவுகள் அவை. அவன் தோலும் கறுப்புதான். "நீயும் கறுப்புதானே" என்று இவர் திருப்பிக் கேட்டதும் அவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்! தான் போர்ச்சுகீசியன் என்று குதிக்கிறான். இது எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்லையா? நம் வீடுகளில் "மாநிறம்னு போடுங்க" என்று கல்யாணத் தரகரிடம் சொல்கிற குரல்.

(சண்டைக்கு வருகிறவர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நிறவெறியும் நம் ஊர் சிவப்புத் தோல் மோகமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே அதன் அடியில் இருப்பது அடிமைச் சந்தை. இங்கே அடியில் என்ன இருக்கிறது என்பது தனிப் பதிவு, அதற்கு வேறு மாதிரி அடி விழும்.)

அந்தக் காலத்தில் வயோலாவின் அம்மா மே ஆலிஸ் செய்த காரியம்தான் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. மகளை உட்கார வைத்து நம்பிக்கை வகுப்பு எடுக்கவில்லை. பளபளவென்று இருந்த ஒரு குரோஷா ஊசியைக் கையில் கொடுத்து, இனி ஓடாதே, நடந்து வா, எவனாவது கை வைத்தால் குத்து என்று அனுப்பியிருக்கிறார். வீட்டு வேலைக்கும் ஃபேக்டரி வேலைக்கும் போன பெண் அவர். மக்கள் உரிமைப் போராட்டத்தில் கைதானபோது ரெண்டு வயது வயோலாவும் கூடவே சிறைக்குப் போயிருக்கிறாள். அந்த அம்மாவிடம் கொடுப்பதற்கு ஊசிதான் இருந்தது. அதைக் கொடுத்தார்.

அப்புறம் படிப்பு. நியூயார்க்கில் ஜூலியார்ட் கலைப்பள்ளி என்றால் நடிப்புக்கு அங்கே பெரிய பெயர். நாலு வருஷம் படித்தார். ஆனால் சொல்லிக் கொடுத்த செவ்வியல் எல்லாம் வெள்ளைக்காரர்களுடையது. உடம்பையும் குரலையும் அந்த அச்சுக்குள் திணித்தால்தான் நல்ல நடிகை. ஒரு கோடை விடுமுறையில் உதவித்தொகை வாங்கிக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா போய், அங்கே ஜனங்களோடு ஆடிப் பாடித் திரும்பிய பிறகுதான் தன் உடம்பு தனக்குத் திரும்பக் கிடைத்தது என்கிற மாதிரி எழுதுகிறார். தொழில் சுத்தம் பற்றிப் பேசும் நாம், எந்த உடம்பை வைத்து அந்தச் சுத்தத்தை அளக்கிறோம் என்று கேட்பதே இல்லை.

2008-ல் வந்த 'டவுட்' படத்தில் அவருக்கு ஒரே ஒரு பெரிய காட்சி. பத்து நிமிஷம்கூட வராது. 1964, நியூயார்க்கில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி. அங்கே படிக்கும் கறுப்புப் பையனை ஒரு பாதிரியார் தவறாக நெருங்குகிறாரோ என்று தலைமைக் கன்னியாஸ்திரீக்குச் சந்தேகம். பையனின் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்கிறார். அந்த அம்மாதான் வயோலா. அந்த அம்மா கத்துவாள், அழுவாள் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவள் கேட்பது வேறு. ஜூன் வரைக்கும் விடுங்கள், ஜூன் வந்தால் படிப்பு முடிந்துவிடும், அவன் மேலே போய்விடுவான்.

முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது, இவளெல்லாம் ஒரு தாயா என்று. ரெண்டாம் தடவைதான் முகத்தைக் கவனித்தேன். மூக்கு ஒழுகுகிறது. அது பாட்டுக்கு ஒழுகி உதட்டுக்கு வருகிறது. எதிரே கன்னியாஸ்திரீயாக நிற்பது ஹாலிவுட்டின் பெரிய நடிகை மெரில் ஸ்ட்ரீப், ஆனால் என் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. எல்லா வழியும் அடைக்கப்பட்ட ஒரு தாய், இருப்பதிலேயே குறைந்த ஆபத்தைத் தேர்ந்தெடுக்கிறாள். அதைத் தீர்ப்புச் சொல்ல நான் யார்? படம் வந்த அடுத்த வருஷம் சாக் மேடையில் ஸ்ட்ரீப்பே கத்தினார், யாராவது இவருக்கு ஒரு படம் கொடுங்கப்பா என்று.

கொடுத்தார்களா? 2011-ல் 'தி ஹெல்ப்' வந்தது. வீட்டு வேலைக்காரி வேடம். ஆஸ்கர் பரிந்துரை, புகழ் எல்லாம் வந்தது. பிற்பாடு அவரே வெளிப்படையாகச் சொன்னார், அந்தப் படத்தில் கடைசிவரை கேட்டது வேலைக்காரப் பெண்களின் குரல் இல்லை என்று, தன்னையும் தன் மக்களையும் காட்டிக்கொடுத்த மாதிரி இருக்கிறது என்று. வெற்றி பெற்ற தன் படத்தைப் பற்றி இப்படிப் பேச எத்தனை பேருக்கு வாய் வரும்?

2014-ல் முதலில் சொன்ன அந்தத் தொலைக்காட்சித் தொடர் வந்தது. தொடங்கும்போதே ஒரு பெரிய நாளிதழில் எழுதினார்கள், இவர் வழக்கமான இலக்கணப்படி அவ்வளவு அழகில்லை என்று. வயோலாவின் பதில் சுருக்கமானது. கறுத்த தோலுள்ள பெண் இதைக் கருவறையில் இருந்தே கேட்கிறாள், அசிங்கம் என்பதை நாகரிகமாகச் சொல்கிறார்கள். சின்ன வயதில் அது வேலை செய்தது, இப்போது செய்யாது.

அந்தத் தொடரின் நாலாவது எபிசோடில் வரும் காட்சியைத் தேடிப் பாருங்கள். நாயகி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நகையைக் கழற்றுகிறாள். விக்கைக் கழற்றுகிறாள். உள்ளே ஒட்ட வெட்டிய சொந்த முடி. ஒட்டு இமையைப் பிரிக்கிறாள், மேக்கப்பைத் துடைக்கிறாள். விக்கைக் கழற்ற விட்டால்தான் நடிப்பேன் என்று வேடத்தை ஒத்துக்கொள்ளும் முன்பே நிபந்தனை போட்டிருக்கிறார். 28 வயதில் ஒரு நாள் தூங்கி எழுந்தபோது பாதி முடி உதிர்ந்துபோயிருந்த பெண் இவர். வருஷக்கணக்காக விக்கோடு வாழ்ந்தவருக்கு அது என்ன மாதிரி நிமிஷமாக இருந்திருக்கும்!

2015 செப்டம்பரில் எம்மி, அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருது. டிராமா தொடர் நாயகிக்கான விருதை வாங்கிய முதல் கறுப்பினப் பெண். மேடையில் அவர் சொன்னது ஒரே விஷயம்தான்: மற்றவர்களுக்கும் எங்களுக்கும் நடுவே இருப்பது வாய்ப்பு மட்டும், இல்லாத வேடத்துக்கு விருது வாங்க முடியாது. மூணு வருஷம் கழித்து சம்பளத்தைப் பற்றியும் கேட்டார். கறுப்பு மெரில் ஸ்ட்ரீப் என்று புகழ்கிறீர்களே, அப்படியென்றால் அதற்கேற்ற காசைக் கொடுங்கள் என்று. எனக்கு மிகவும் பிடித்த பேச்சு இது.

2011-ல் ஜெனிசிஸைத் தத்தெடுத்தபோது அவருக்கு 46 வயது. ராத்திரி சொல்லும் கதையில் அந்தக் குழந்தைக்கு இடம் கொடுக்க அம்மா ஒருத்தியே போதும். பகலில் ஊர் சொல்லும் கதைக்கு எத்தனை பேர் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

போன வருஷம் மகள் படிக்கும் பள்ளி ஆண்டு விழாவில் இவளுக்கு மரம் வேஷம். இளவரசி யார் என்பதை நீங்களே ஊகிக்கலாம், பவுடரே தேவைப்படாத பிள்ளை. வீட்டுக்கு வந்து "மரத்துக்கு வசனம் உண்டாம்மா?" என்று கேட்டாள். நானும் சிரித்துக்கொண்டே தன்னம்பிக்கை பற்றி ஏதோ உளறினேன். அசையாமல் நின்ற மரத்துக்குக் கைதட்டவும் செய்தேன்.

வயோலா சின்ன வயதில் டிவியில் சிசிலி டைசன் என்ற கறுப்பின நடிகையைப் பார்த்துத்தான் நடிகையாக வேண்டும் என்று முடிவு செய்தார். தன்னைப் போன்ற கறுத்த முகத்தை அந்தப் பெட்டிக்குள் பார்த்த நாள் அது. பல வருஷம் கழித்து, விக்கைக் கழற்றிய அதே தொடரில் அதே சிசிலி டைசன் இவருக்கு அம்மாவாக வருகிறார். மகளைக் காலுக்கு நடுவே உட்கார வைத்துத் தலை வாரிவிடுகிறார். சிக்கெடுத்தபடியே பேச்சு நடக்கிறது. தலை வாரும்போதுதான் அம்மாவும் பெண்ணும் உண்மை பேசுவார்கள் என்பது அந்த ஊரிலும் தெரிந்திருக்கிறது.

இந்த வருஷ ஆண்டு விழாவுக்கான படிவம் நேற்று வந்தது. விரும்பும் வேடம் என்ற இடத்தில் 'சிங்கம்' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். காலையில் பின்னல் போட்டுக்கொண்டே படித்துப் பார்த்தேன். பேனாவால் அதன் மேலேயே அழுத்தி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். மிஸ்ஸிடம் இருந்து இன்னும் பதில் இல்லை.