காலி நிலத்தைப் பயிர் வைக்கிறவர்களுக்குக் குத்தகைக்கு விடுங்கள்

கோலாலம்பூரில் மாநகராட்சியான டிபிகேஎல் பெயரில் சும்மா கிடக்கும் நிலத்தில் ஒரு பகுதியையாவது, காய்கறி போட்டு விற்றுப் பிழைக்கும் உள்ளூர்க்காரர்களுக்குக் குறைந்தது ஐந்து வருடக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டும். சமூகத் தோட்டத்தைச் சொல்லவில்லை. பங்சாரில் 2017-ல் மின்கம்பிகளுக்குக் கீழே தொடங்கிய கெபுன் கெபுன் பங்சார் அருமையான இடம்தான். ஆனால் அது தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வது. நான் பேசுவது கீரை விற்ற காசில் பிள்ளைக்குப் பள்ளி பஸ் கட்டணம் கட்டுகிறவர்களைப் பற்றி.

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு பெரியவர் பயிர் வைத்திருந்தார். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர். கட்டுமானக் குப்பை கொட்டிய இடம் அது. மண்வெட்டியைப் போட்டால் ஓட்டுத் துண்டும் சிமெண்ட் கட்டியும்தான் வரும். அதையெல்லாம் பொறுக்கி ஓரத்தில் வரப்பு மாதிரி அடுக்கி, கோழி எருவும் காய்ந்த இலையும் போட்டு, மண்ணைப் பதப்படுத்தவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்கப்புறம்தான் பாகல் பந்தல் போட்டார். ஒருநாள் நோட்டீஸ் ஒட்டினார்கள், கொஞ்ச நாளில் இயந்திரம் வந்து வழித்துவிட்டது. "கீரையையாவது பறிச்சிக்கிறேன்னு கேட்டேன் தம்பி, நிக்கல" என்றார். இன்றைக்கும் அங்கே எதுவும் கட்டவில்லை, லாலாங் புல்தான் மண்டிக் கிடக்கிறது.

முறையாக அனுமதி வாங்கினாலும் பெரிய நிம்மதி இல்லை. அரசு நிலத்தைப் பயன்படுத்தத் தரும் டிஓஎல் என்ற தற்காலிக உரிமம், 1965 தேசிய நிலச் சட்டப்படி டிசம்பர் 31-ஓடு முடிந்துவிடும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வைத்திருப்பவர் இறந்துவிட்டால் உரிமமும் போச்சு, பிள்ளைக்குச் சேராது. இந்த நிலையில் யார் முருங்கை நடுவார், யார் கைக்காசு போட்டுத் தண்ணீர்க் குழாய் இழுப்பார்? மூன்று நான்கு வாரத்தில் அறுக்கிற கீரையோடு நின்றுவிடுவார்கள். வாழைக்கே பத்து மாதம் வேண்டும். அதே சட்டத்தில் மூன்று வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள் என்கிறேன்.

வீடு கட்ட நிலம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், முதலில் வீடுதான். ஆனால் நெடுஞ்சாலை ஓரத் துண்டு நிலத்திலும் திட்டம் வராமல் பல வருடம் காத்துக் கிடக்கும் நிலத்திலும் இப்போது என்ன நடக்கிறது? திரும்ப எடுப்பதாக இருந்தால் அறுவடை முடியும்வரை அவகாசம் கொடுங்கள். சாலையோர மண்ணில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துவிட்டுக் கொடுங்கள். குத்தகை எடுத்து உள்வாடகைக்கு விடுகிறவர்களை அண்டவிடாதீர்கள்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கேமரன் மலையில் காய்கறியை அனுப்ப முடியாமல் கொட்டினார்கள். நகரத்துக்குள்ளேயே கொஞ்சம் விளைந்தால் எவ்வளவு பலம் என்பதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கோலாலம்பூரில் நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நகராட்சி உறுப்பினர் யாரும் கிடையாது. மேயரான டத்தோ பண்டாரும் நியமனம்தான். அதனால் 11 நாடாளுமன்ற உறுப்பினர்களிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் வட்டாரத்தில் வருடக்கணக்கில் காலியாகக் கிடக்கும் இடம் இருந்தால், சாலைப் பெயரோடு படம் எடுத்து அனுப்புங்கள். மொத்தமாக எடுத்துக்கொண்டு அந்த உறுப்பினர்களின் சேவை மையத்துக்குப் போகிறோம்.