என் வயிற்றுக்கு ஊரெல்லாம் வைத்தியர்

காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் சாட்சி சொல்லும். கை ஒடிந்தால் மாவுக்கட்டு சாட்சி சொல்லும். மதியம் சாப்பிட்ட சாம்பார் பொழுது சாய்ந்த பிறகும் ஏப்பமாக மேலே வந்துகொண்டிருந்தால், வயிறு பொருமி இடுப்பு பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு உட்கார வேண்டியிருந்தால், அதற்கு யார் சாட்சி? லீவு கேட்டால் மேலதிகாரி சிரிக்கிறார். "கேஸ்தானே, ஒரு சோடா குடியுங்கள்." கேஸ்தானாம்!

மருத்துவரிடம் போனாலும் இதே கதைதான். ஸ்கேன் நார்மல், ரத்தம் நார்மல், குழாயை விட்டுப் பார்த்த எண்டோஸ்கோப்பியும் நார்மல். எடை குறையவில்லை, ரத்தம் போகவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். சரி ஐயா, பயமில்லை. சோறு இறங்கவில்லையே? அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையை எழுதிக் கொடுத்து, "டென்ஷனைக் குறையுங்கள்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார். அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டால்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்பதைக்கூட நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

டென்ஷன் வயிற்றைக் கெடுக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லி வாயை அடைப்பதுதான் எரிகிறது. அல்சருக்கும் ஒரு காலத்தில் டென்ஷனையும் காரத்தையும்தான் குற்றம் சொன்னார்கள். உண்மையான குற்றவாளி ஒரு கிருமி என்று நம்பவைக்க, ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற மருத்துவர் 1984இல் அந்த ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்ட வேண்டியிருந்தது. 2005இல் அவருக்கும், அவரோடு சேர்ந்து அதைக் கண்டறிந்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு. என் வயிற்றில் அந்தக் கிருமி இல்லை, பார்த்தாகிவிட்டது. புண் இல்லாமலேயே குடலின் அசைவும் நரம்பின் உணர்வும் கோளாறாகலாம் என்பது மருத்துவ நூல்களில் இருக்கிற விஷயம். அந்த ஒரு வரியை நோயாளியிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

மருத்துவருக்கு நேரம் இல்லை. மற்ற எல்லோருக்கும் இருக்கிறது. மாடி வீட்டுப் பாட்டி ஓமத்திரவம் என்கிறார். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் வெறும் வயிற்றில் வெந்தயம் என்கிறார். மோர் குடி என்று ஒருவர், மோரே ஆகாது என்று இன்னொருவர். குடல் ஏறியிருக்கும், எண்ணெய் தேய்த்துத் தட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று மாமா கிளம்பியே வந்துவிட்டார். ஓடி ஒளிய வேண்டியதாயிற்று.

இவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்வது ஒன்று உண்டு: பூண்டு. வாயுவுக்குப் பூண்டு. எனக்கோ பூண்டுதான் எமன். பூண்டிலும் வெங்காயத்திலும் ஃபிரக்டான் என்று ஒரு மாவுச்சத்து இருக்கிறது. அதைச் செரிக்க மனிதச் சிறுகுடலில் நொதியே கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். பெரும்பாலானோர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு இரவெல்லாம் வயிற்றுக்குள் உருட்டல். மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஓர் உணவுமுறையை வகுத்திருக்கிறது. அதில் முதல் கட்டத்தில் வெங்காயம், பூண்டு கிடையாது, பருப்பு அளவோடு, பால் வேண்டாம். தமிழ்நாட்டில் இதைக் கடைப்பிடித்துப் பாருங்கள்! ஓட்டலில் "பூண்டு போடாத ரசம் கிடைக்குமா?" என்று கேட்டேன். பரிமாறுகிறவர் வாளியோடு நின்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பூண்டு இல்லாமல் ரசமா சார்? பூண்டு வாயுவுக்கு நல்லதாயிற்றே!" பெருங்காயத்துக்கு மட்டும் அந்தப் பட்டியலில் அனுமதி உண்டு. அதை மட்டும் கரைத்துக் குடித்து உயிர் வாழ முடியுமா?

கல்யாண வீட்டுப் பந்தி தனிக் கொடுமை. போதும் என்று இலைக்கு மேல் கையை விரித்தால், விரலிடுக்கு வழியாகப் பாயசம் ஊற்றும் திறமை நம் உறவினர்களுக்கு மட்டுமே உண்டு. "ஒரு கரண்டியில் என்னப்பா ஆகிவிடும்?" என்கிறார் அத்தை. என்ன ஆகும் என்று இரவு இரண்டு மணிக்கு வந்து பாருங்கள் அத்தை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பஸ் பயணத்தைப் பொறுக்க முடியாது. தொலைதூரப் பஸ்ஸில் ஏறுவதென்றால் முதல் நாள் இரவிலிருந்தே பட்டினி கிடக்கிறேன். வழியில் நிறுத்துகிற ஓட்டலில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது, குழாயில் தண்ணீர் இருக்காது. ஆனால் வாசலில் மேசை போட்டுக் காசு வாங்க ஆள் இருப்பார். பின்னால் சுவரில் "இலவசம்" என்று எழுதியிருக்கும். ஓட்டலைத் தாண்டிய பிறகு வயிறு கலக்கினால் கண்டக்டரிடம் கெஞ்ச வேண்டும். முழு பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். "ஏறுவதற்கு முன்பே போயிருக்கலாமே சார்?" என்று கேட்கிறார்.

போனேன் ஐயா. போய்விட்டுத்தான் ஏறினேன். மறுபடியும் வருகிறது. அதுதானே நோயே!