டிஸ்கஸ் குஞ்சுகளுக்கு வெறும் தொட்டி போதும்

டிஸ்கஸ் என்கிற வண்ண மீனின் குஞ்சு வாங்கப் போகிறேன், தொட்டியை எப்படி அலங்கரிக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் ஒரு வருஷத்துக்கு அலங்காரமே வேண்டாம். மணல், செடி, கல், கட்டை எதுவும் வேண்டாம். அடியில் கண்ணாடி தெரிகிற வெறும் தொட்டியே போதும். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏனென்றால் முதல்முறை நான் செய்தது இதற்கு நேர்மாறு. 80 லிட்டர் தொட்டி, வெள்ளை மணல், அடர்ந்த செடிகள், அதில் 5 சென்டிமீட்டர் அளவில் இரண்டே குஞ்சுகள். வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றினேன். வேறு மீன்களுக்கு அது போதுமாக இருந்ததால் இவற்றுக்கும் போதும் என்று நினைத்துவிட்டேன். மூன்றே மாதத்தில் பெரியது சின்னதைத் துரத்தித் துரத்தி மூலையில் ஒதுக்கிவிட்டது. சின்னது கறுத்துப்போய், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, ஹீட்டருக்குப் பின்னாலேயே நிற்கும். உடம்பில் உள்ள பட்டைகள் எந்நேரமும் அழுத்தமாகத் தெரியும். ஆறாவது மாதம் பார்த்தால், கண் பெரிதாகியிருக்கிறது, உடம்பு அப்படியே இருக்கிறது. தட்டு மாதிரி வட்டமாக வரவேண்டிய மீன் நீள்வட்டமாகிவிட்டது. குஞ்சுப் பருவத்தில் அப்படிக் குன்றிப்போனால், அப்புறம் எவ்வளவு நல்ல தண்ணீரில் விட்டாலும் அந்த வடிவம் திரும்ப வருவதில்லை.

குஞ்சுகளுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து வேளை உணவு வேண்டும். ரத்தப்புழு, ஆர்ட்டீமியா என்கிற குட்டி இறால், நல்ல குருணைத் தீவனம் என்று எல்லாமே புரதம் நிறைந்தவை. தண்ணீரோ 29, 30 டிகிரி சூடு. அந்தச் சூட்டில் மிச்ச உணவு சீக்கிரம் அழுகும், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். சூடும் பிஎச்சும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் அளவு) கூடக்கூட, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நஞ்சும் கூடும். மணல் இருந்தால் மிச்சமெல்லாம் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். வெறும் கண்ணாடியில் ஒரு ரத்தப்புழு கிடந்தாலும் கண்ணில் பட்டுவிடும், குழாயை வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம். இன்னொன்று, மீனின் கழிவும் தெரியும். அது வெள்ளையாக, நூல் மாதிரி நீளமாக இருந்தால் குடலில் ஏதோ கோளாறு என்று அன்றைக்கே கவனிக்கலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

தொட்டி 120 சென்டிமீட்டர் நீளம், அகலமும் உயரமும் 45 என்றால் ஏறக்குறைய 240 லிட்டர் வரும். அதில் ஆறு குஞ்சுகள் விடலாம். இரண்டு மூன்று மட்டும் விட்டால் பெரியது துரத்திக் கொடுக்கிற அடியெல்லாம் ஒரே மீனுக்கு விழும். ஆறு இருந்தால் அது பரவிவிடும். இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப். ஹீட்டர் பெரிதாக ஒன்று வைப்பதைவிடச் சிறிதாக இரண்டு வைப்பது நல்லது, ஒன்று நின்றுபோனாலும் இன்னொன்று ஓரளவு தாங்கும். தனியாக ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும். பின்பக்கம் வெளிர் நீலத் தாள் ஒட்டுங்கள். பின்னணி கறுப்பாக இருந்தால் பிஜன் பிளட் என்கிற டிஸ்கஸ் வகையில் கரும்புள்ளிகள் கூடிவிடும்.

மீன் வருவதற்கு முன்பே ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்ந்திருக்க வேண்டும். அதற்கு நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நோயில்லாத பழைய தொட்டி ஒன்று இருந்தால் புது ஸ்பாஞ்சை அதில் சில வாரம் ஓடவிட்டு எடுத்து வரலாம். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டாமல் மீனை விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம் தினமும் தண்ணீர் மாற்றுவது. மூன்றில் ஒரு பங்காவது மாற்ற வேண்டும், பாதி மாற்றினால் இன்னும் நல்லது. டிரம்மில் பிடித்து ஒரு நாள் முழுக்கக் காற்று விட்டால் குளோரின் போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்த தண்ணீர் என்றால் அது போதாது, அதற்கென உள்ள மருந்து சேர்த்தாக வேண்டும். புதுத் தண்ணீரின் சூடும் தொட்டியின் சூடும் ஒத்திருக்க வேண்டும். பிஎச்சைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். அமேசான் ஆறுகளில் பிடித்த மீனுக்கு மென்மையான அமிலத் தண்ணீர் தேவைதான். தொட்டியில் பிறந்து வளர்ந்த குஞ்சுகளோ 7, 7.5 வரைக்கும் பழகிக்கொள்கின்றன. அமிலம் ஊற்றி ஊற்றி அதை மேலும் கீழுமாக ஆட்டுவதுதான் மீனைக் கொல்கிறது.

செடித்தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள், இயற்கையான சூழல் வேண்டாமா என்று கேட்பார்கள். வளர்ந்த மீனுக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குஞ்சுகள் பிறந்த புதிதில் தாய், தகப்பன் இரண்டின் உடம்பிலும் சுரக்கும் சளியைக் கொத்தித் தின்று வளர்ந்தவை. அவ்வளவு பராமரிப்பில் வந்த குஞ்சை நம் கண்ணுக்கு அழகு வேண்டும் என்பதற்காகக் குன்றவைப்பது நியாயமா? இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

இப்போது என்னிடம் ஆறு இருக்கின்றன. குழாயை உள்ளே விட்டதும் ஆறும் கூடவே வரும், ஒன்று என் விரல் நகத்தைக் கொத்திப் பார்க்கும். நேற்று அளந்தபோது பெரியது 11 சென்டிமீட்டர். கடைசியாக இருப்பதும் 9 தாண்டிவிட்டது, கண் உடம்புக்கு ஏற்ற அளவில் இருக்கிறது. அவற்றுக்காக ஒரு கட்டை வாங்கி வாளியில் ஊறப்போட்டு நாலு மாதம் ஆகிறது. தண்ணீர் இன்னும் பழுப்பாகத்தான் இறங்குகிறது, ஊறட்டும்.