பீரோவுக்குப் பின்னால் ஒரு மந்திரி

மணி அண்ணனின் அயர்ன் வண்டி. மடித்த வேட்டிகளுக்குப் பக்கத்தில் செஸ் பலகை. பாபுவுக்குக் கறுப்புக் காய்கள்.

பாபு: அண்ணே, மூணு மூவ்தான் ஆகியிருக்கிறது, அதற்குள் மூச்சு முட்டுகிறது. உங்கள் சிப்பாய் இ5 கட்டத்தில் உட்கார்ந்துகொண்டு என் குதிரையை எஃப்6 பக்கமே விட மாட்டேன் என்கிறது, அந்த சி8 மந்திரியோ பீரோவுக்குப் பின்னால் பாய் விரித்த மாமனார் மாதிரி புரளக்கூட வழியில்லாமல் கிடக்கிறது.

மணி: முதல் மூவிலேயே சிப்பாயை இ6-இல் வைத்துக் கதவைச் சாத்தினது யார்? கறுப்பு இப்படித் தொடங்கினால் அதற்குப் பெயர் பிரெஞ்சு டிஃபென்ஸ்டா. 1834-இல் லண்டன்காரர்களும் பாரிஸ்காரர்களும் தபாலிலேயே ஆட ஆரம்பித்தார்கள். பாரிஸ் ஜெயித்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது.

பாபு: நானும் ஜெயிக்க வழி சொல்லுங்கள்.

மணி: எதிராளியிடமே கேட்கிறாயே! சரி, இ5-ஐ முறைத்துப் பிரயோஜனமில்லை. அதைத் தாங்குகிற டி4-ஐ இடி. சி5 தள்ளு. அப்புறம் காய்க்குக் காய் வெட்டு. ஷேர் ஆட்டோவில் ரெண்டு பேர் இறங்கினால் இடிபடுகிறவனுக்குத்தான் நிம்மதி, காரில் போகிறவனுக்கு என்ன?

(பாபு சி5 தள்ளினான். மணி சி3. பாபு குதிரையை சி6-க்கும் ராணியை பி6-க்கும் கொண்டுவர, மணி குதிரையை எஃப்3-இலும் மந்திரியை டி3-இலும் வைத்தார். டி4-இல் சிப்பாயும் சிப்பாயும் வெட்டிக்கொண்டன.)

பாபு: அண்ணே, உங்கள் மந்திரியே உங்கள் ராணியை மறைக்கிறது! டி4-க்குக் காவல் ஒரே குதிரை, எனக்கு ரெண்டு பேர். வெட்டினேன்!

மணி: குதிரையால் வெட்டுகிறேன்.

பாபு: ராணியால் வெட்டுகிறேன்! ஓசிச் சிப்பாய்!

(மணி கரிப்பெட்டியை ஊதிவிட்டு, டி3 மந்திரியை பி5-க்கு நகர்த்தினார்.)

மணி: செக். அப்படியே உன் ராணியையும் பார்.

பாபு: ஐயோ! மந்திரி விலகினதும் உங்கள் ராணி என் ராணியை நேராகப் பார்க்கிறாளே! ராஜாவைக் காப்பாற்றினால் ராணி போய்விடுவாளே!

மணி: வெட்டுவதற்கு முன்னால் அந்த மாமனாரை டி7-க்கு ஒரே ஒரு கட்டம் எழுப்பி உட்கார வைத்திருந்தால் இந்தச் செக்கே கிடையாது.

பாபு: அப்போதே சொல்லக்கூடாதா?

மணி: இடம்தானே கேட்டாய்? இந்தா, ராணி இருந்த கட்டமும் காலி.