விலை சொல்பவரே வாங்கலாமா?

மல்லாவியில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை, எங்கள் பெரியம்மா பாவித்த மூக்குப்பேணியை (வாய் படாமல் குடிக்க மூக்கு வைத்த உலோகக் குவளை) படமெடுத்து, பழம்பொருள் வாங்கி விற்கும் முகநூல் குழுவொன்றில் போட்டு, இது என்ன விலை பெறும் என்று கேட்டிருந்தாள். 2008இல் இடம்பெயர்ந்தபோது கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போய், மீள்குடியேறிய பிறகு தோண்டியெடுத்த பேணி அது. அரைமணி நேரத்துக்குள் ஒருவர், "பழைய பித்தளை, நிறுத்துத்தான் எடுப்பார்கள்" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதினார். அடுத்த நிமிடமே அவளுடைய உட்பெட்டிக்குள் வந்து, தானே ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு எடுப்பதாகவும், வேறு யாரிடமும் காட்டித் திரிய வேண்டாம் என்றும் சொன்னார். "அண்ணை, குடுக்கவோ?" என்று கேட்டு எனக்கு அழைப்பு எடுத்தாள்.

நான் ஒரு கூட்டுறவுக் கிராமிய வங்கியின் நகை அடைவுப் பகுதியில் நெடுங்காலம் இருந்தவன். மீட்கப்படாத நகைகள் ஏலத்துக்கு வரும்போது, அவற்றுக்குப் பெறுமதி போட்ட உத்தியோகத்தர் ஏலம் கேட்கக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. யாரும் அதை எங்களுக்கு விளக்கிச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. குறைத்துச் சொல்வதால் இலாபம் அடையப்போகிறவன் சொல்லும் விலையை மதிப்பீடு என்று அழைப்பதே பிழை, அது வியாபாரியின் கேள்விவிலை. வியாபாரி குறைத்துக் கேட்பதில் எனக்குக் கோபமில்லை. அவர் அறிந்தவரின் நாற்காலியில் இருந்து முதலில் விலையைச் சொல்லிவிட்டு, பிறகு எழுந்து வந்து வாங்குபவராக நிற்பதுதான் அநியாயம்.

அமெரிக்காவில் மதிப்பீட்டாளர்களுக்கென 'யூஸ்பாப்' என்ற நியமத் தொகுப்பு இருக்கிறது. காணி, வீடு மட்டுமன்றி நகை, தளபாடம், கலைப்பொருள் போன்ற அசையும் உடைமைகளும் அதற்குள் அடங்கும். அந்தப் பொருளில் தனக்கு இப்போதோ இனிமேலோ ஏதாவது நலன் உண்டா, அதைத் தான் நேரில் பார்த்தாரா என்பவற்றை மதிப்பீட்டாளர் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றும், கூலி மதிப்பிடப்படும் தொகையைப் பொறுத்துக் கூடிக் குறையக் கூடாது என்றும், வேலைக் குறிப்புகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. அந்த விதி இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உட்பெட்டியில் விலை சொல்கிறவர்கள் இவற்றில் முதலிரண்டையாவது கடைப்பிடித்தால் எவ்வளவோ சனம் தப்பும்.

கூலி விடயம் எங்களூரில் வேறொரு வடிவத்தில் வருகிறது. போர்க்காலத்து அடைவுத் துண்டுகளை இன்னமும் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் அம்மாமார் வன்னியில் இருக்கிறார்கள். போர் முடிந்தபோது வன்னியில் மீட்கப்பட்டு இராணுவத்தின் வசமிருந்த நகைகள் 2025 மே மாதத்தில் பொலிஸாரிடம் கையளிக்கப்பட்ட செய்தி வந்ததும் அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை துளிர்த்தது. அவர்களிடம், பெறுமதியைக் கணக்கிட்டுத் தருகிறேன், அதில் பத்து வீதம் எனக்கு என்று கேட்பவன், தொகையைப் பெருக்கிக் காட்டாமல் விடுவானா? நகையே கண்ணில் இல்லை.

படத்தை வைத்து விலை சொல்வது பற்றியும் எழுதத்தான் வேண்டும், அதில் என் கையும் சுத்தமில்லை. சில வருடங்களுக்கு முன் வட்சப்பில் வந்த ஓர் அட்டியலின் படத்தில் 916 முத்திரையைப் பார்த்துவிட்டு, 22 கரட், பயமில்லை என்று உறவுக்காரப் பிள்ளை ஒருத்திக்குச் சொல்லிவிட்டேன். பத்தரிடம் கொண்டுபோனபோது, தங்கம் சரியாகவே இருந்தது. ஆனால் பதக்கத்துக்குள் அரக்கு நிரம்பியிருந்தது, கல்லின் நிறையையும் கழிக்க வேண்டியிருந்தது. நான் சொன்ன கணக்கை நம்பி அவள் சகோதரியோடு பங்கு பிரித்திருந்தாள். முத்திரை, ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்று உரிமை கோருகிறது, அவ்வளவுதான். உரைகல்லும் அமிலமும் தராசும்தான் மிச்சத்தைச் சொல்லும். 22 கரட் தங்கம் ஒரு கன சென்ரிமீற்றருக்குக் கிட்டத்தட்ட 17.8 கிராம் நிறுக்கும், பித்தளை எட்டரைக் கிராமளவில் நிற்கும்; கல்லும் அரக்கும் இல்லாத நகையென்றால் தண்ணீரில் நிறுத்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். கைபேசியால் நிறுக்க முடியாது. வெண்கலமா பித்தளையா என்று தட்டிப் பார்க்கவும் முடியாது.

இன்னொன்று, எந்த விலையைச் சொல்கிறோம் என்பது. ஒரே தாலிக்கொடிக்கு அடைவுக்கு ஒரு பெறுமதி, உருக்க விற்றால் ஒன்று, செய்கூலியும் சேதாரமும் சேர்த்துப் புதிதாகச் செய்விக்க ஒன்று. மூன்று சகோதரிகளில் ஒருத்தி ரொறன்ரோவிலும் ஒருத்தி பாரிஸிலும் ஒருத்தி வவுனியாவிலும் இருந்து தாயின் நகையைப் பிரிக்கும்போது, ஒருத்தி அடைவு விலையையும் மற்றவள் கடை விலையையும் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு விலை சொன்னவர் திகதியையும் நோக்கத்தையும் ஒரு வரியில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தச் சண்டையில் பாதி நடந்திராது.

நாணயம் தோண்டியெடுத்தவர்கள் விலை கேட்டால், விலை சொல்வதற்கு முன் சட்டத்தைச் சொல்லுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கும் நாடு இது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதோடு, பெட்டகமும் நகையும் இருக்கும் அறையை ஊர்ப் பெயரோடு பொதுவில் போடுகிறவர்களிடம், முதலில் படத்தை நீக்கச் சொல்லுங்கள், கள்ளனும் முகநூல் பார்க்கிறான்.

தங்கைக்கு நான் கொடுக்காதே என்று மட்டும்தான் சொன்னேன். அப்படியானால் என்ன விலை வரும் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த, வாங்கி விற்காத ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன். சின்ன வயதில் பெரியம்மா எனக்கு மோர் வார்த்துத் தந்த பேணி அது. அவள் விற்பதானால் நானே கேட்டு வாங்கியிருப்பேன், அதனால்தான் நான் விலை சொல்லவில்லை.