யூதாஸ் போன பிறகுதான் இயேசு கால் கழுவினாரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "யூதாஸ் வெளியேறிய பிறகுதான் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவினார். அதனால் தகுதி உள்ளவர்களுக்கு மட்டுமே சேவை செய்ய வேண்டும்."

இது தவறு. யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தை வரிசையாகப் படித்தாலே போதும். இயேசுவைக் காட்டிக்கொடுக்கும் எண்ணம் அவருடைய சீடன் யூதாஸின் மனத்தில் புகுந்துவிட்டதை 2-ஆம் வசனமே சொல்லிவிடுகிறது. 5-இல் இயேசு கால் கழுவத் தொடங்குகிறார். காட்டிக்கொடுப்பவன் யார் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது என்கிறது 11. யூதாஸ் எழுந்து வெளியே போவது 30-இல்தான்! அவன் கால்களை மட்டும் விட்டுவிட்டார் என்று எங்கேயும் எழுதப்படவில்லை.

குடிக்கிறவர் வீட்டுக்கு எதற்கு அரிசி என்று கேட்பதற்கு இந்தச் செய்தியைக் காட்டுகிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. லூக்கா 22-இன்படி, கால் கழுவிய அதே இரவு உணவின்போது யார் பெரியவர் என்று சீடர்கள் சண்டை போட்டார்கள். நான் உங்கள் நடுவே பணிவிடை செய்கிறவனாக இருக்கிறேன் என்றுதான் இயேசு பதில் சொன்னார்.

அப்புறம், இந்தக் கால் கழுவுதலை நினைவுகூரும் பெரிய வியாழன் சடங்கில் பெண்களின் காலைக் கழுவக் கூடாது என்றும் அதே செய்தியில் ஒரு வரி வருகிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் முன்பு ஆண்கள் மட்டும் என்ற விதி இருந்தது உண்மைதான். போப் பிரான்சிஸ் காலத்தில், 2016 ஜனவரியில் வந்த ஆணை அதை மாற்றிவிட்டது.